செட்டிநாட்டில் சிறுவர்களுக்கு ஒரு கோடைத் தோட்ட முகாம்: தண்ணீரில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னை, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஐயா வீட்டுக்கும் அப்பத்தா வீட்டுக்கும் வந்து சேர்கிறார்கள். இரண்டு நாள் வளவிலும் முகப்பிலும் ஓடி விளையாடுகிறார்கள். அப்புறம் கையில் போன் ஏறிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளையும் ஊரிலேயே வளரும் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஊராகக் கூடித் தோட்ட முகாம் நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரியவர்களிடம் சொன்னதுமே ஒரு கேள்வி வரும். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லியிருக்க, சித்திரை வெயில்ல யாராவது விதைப்பாங்களா?" கேள்வி சரியானதுதான். மழையை மட்டும் நம்பும் மானாவாரிக்கு இது பட்டமே (விதைப்புப் பருவமே) இல்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் சித்திரையில் நல்லேர் (ஆண்டின் முதல் உழவு) பூட்டி நிலத்தைத் தொடும் வழக்கம் உண்டு. பாசனம் இருந்தால் கீரையும் வெண்டையும் இந்த வெயிலிலும் வரும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தண்ணீரின் அருமை கண்ணுக்குத் தெரியும் மாதங்கள் இவைதான். கார்த்திகை மழையில் நட்டால் செடி தானாக வளரும், பிள்ளை வேடிக்கை பார்க்கும். சித்திரையில் ஒரு வேளை தண்ணீர் தவறினால் மாலைக்குள் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். அதனால் செட்டிநாட்டில் தோட்ட முகாம் என்றால் விதையை விட்டுவிட்டுத் தண்ணீரிலும் நிழலிலும் தொடங்குங்கள். மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்து வரும்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கு

கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 லிட்டர் தண்ணீர் வேண்டும். பிள்ளைக்கு ஒரு பாத்தி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், 20 பிள்ளைகளுக்குத் தினமும் ஏறத்தாழ 150 லிட்டர். அதாவது 200 லிட்டர் டிரம் ஒன்று தினமும் நிறைய வேண்டும். கிணறோ ஆழ்துளைக் குழாயோ மே மாதக் கடைசி வரை இதைத் தருமா என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள், அல்லது பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். குடிநீர்க் குழாயை நம்பித் தோட்டம் போடாதீர்கள். கோடையில் அது அக்கம்பக்கத்தாரின் பங்கு.

சோப்பு அதிகம் சேராத குளியல் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் இரண்டையும் தனிக் குடத்தில் பிடித்து வைத்தால் மரக்கன்றுகளுக்கும் முருங்கைக்கும் ஆகும். கீரைக்கு வேண்டாம்.

2. இடம்

இங்கே பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்குக் குறைவில்லை. பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்துக்கான இடமும் கிணறும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் தலையாட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மண்ணைக் கொத்தாதீர்கள். எல்லாப் பங்காளிகளிடமும் பேசி, எந்த இடம், எத்தனை வாரம், முடிந்ததும் எந்த நிலையில் திருப்பித் தருவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வராது. பள்ளி வளாகம், கோயில் நந்தவனம் இரண்டும் நல்ல இடங்கள். நந்தவனத்தில் பூச்செடிகளோடு முகாமை இணைத்துவிட்டால் கோயில்காரர்களுக்கும் மகிழ்ச்சி.

ஊரணிக் கரையும் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலும் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் அங்கே பாத்தி வெட்டக் கூடாது. மழை வரும்போது தண்ணீர் போக வேண்டிய வழி அது.

இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஆள் வைத்து வேரோடு எடுத்துவிடுங்கள். உதிர்ந்த முள் ஒன்று கிடந்தாலும் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது.

3. மண்ணும் பள்ளப் பாத்தியும்

நம் மண் செம்மண். பல இடங்களில் ஓரடி ஆழத்திலேயே சரளையும் செம்புராங்கல்லும் தட்டும். தண்ணீர் விட்டால் சட்டென்று கீழே போய்விடும், காய்ந்தால் மேற்பரப்பு இறுகிவிடும். இதற்குப் பழைய மருந்து கண்மாய் வண்டல். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளி வயலில் போடுவது காலங்காலமாக நடப்பது. இப்போது அதற்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். சின்னத் தோட்டத்துக்கு அந்த அலைச்சல் எதற்கு? அனுமதியோடு வயலில் வண்டல் கொட்டி வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் பத்துக் கூடை கேட்டால் போதும்.

இரண்டு கூடை செம்மண், ஒரு கூடை வண்டல், ஒரு கூடை நன்றாக மக்கிய எரு. இதுதான் அளவு. எருவில் ஆட்டுப்புழுக்கை கலந்திருந்தால் இன்னும் நல்லது. மக்காத சாணத்தைப் போட்டால் கறையான் வரும், இளஞ்செடி சூடு தாங்காமல் கருகும்.

இணையத்தில் பார்க்கும் தோட்டங்களில் பலகை அடித்து மேட்டுப் பாத்தி போடுகிறார்கள். மழை மிகுந்த ஊருக்கு அது சரி. இங்கே பாத்தி தரைமட்டத்துக்கு அரை சாண் கீழே இருக்க வேண்டும். வெட்டி எடுத்த மண்ணையே சுற்றிலும் வரப்பாகக் கட்டுங்கள். விடும் தண்ணீர் வெளியே ஓடாது, வேர் குளிர்ச்சியாக இருக்கும், வரப்பு கொஞ்சம் நிழலும் தரும். திடீரென்று கோடை மழை கொட்டினால் தண்ணீர் தேங்கி அழுகாமல் இருக்க, வரப்பின் ஒரு மூலையில் வடிகால் விடுங்கள்.

பாத்தியின் நடுவே ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைப்பது இந்தத் தோட்டத்தின் உயிர்நாடி. மெருகு பூசாத பானையாக இருக்க வேண்டும். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே மண்பானைக்குப் பெயர்போன மானாமதுரை இருக்கிறது, பானைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பானைச் சுவரில் கசியும் ஈரத்தைத் தேடி வேர்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். முகாம் முடியும் நாளில் மண்ணைக் கிளறிப் பானையைச் சுற்றிப் பின்னியிருக்கும் வேர்களைக் காட்டுங்கள். எந்தப் படமும் அந்த அளவுக்கு விளக்காது.

மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி, மேலே மெல்லிய பந்தல் அல்லது நிழல்வலை, தரையில் வைக்கோல் மூடாக்கு. மூன்றும் கட்டாயம்.

4. பிள்ளைகள் வருவதற்கு ஆறு வாரம் முன்பே விதையுங்கள்

பெரும்பாலான முகாம்கள் சறுக்குவது இங்கேதான். முதல் நாள் பிள்ளை விதை போடுகிறது, பத்தாம் நாள் ரயில் ஏறுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு இலை மட்டும். வெண்டை காய்க்க 45 நாள் ஆகும் என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு எண், அவ்வளவுதான்.

ஒரே செடியைப் பல வயதில் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். பங்குனி தொடக்கத்திலேயே வெண்டையும் கொத்தவரையும் விதைத்துவிட்டால் சித்திரை நடுவில் பூவும் பிஞ்சுமாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் பதினைந்து நாள் வயதுப் பாத்தி ஒன்று. அதற்கும் பக்கத்தில், முதல் நாள் பிள்ளைகள் கையால் விதைக்கப் போகும் வெறும் பாத்தி. கீரையை முகாமுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஐந்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்து வாருங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வரும். அப்படியானால் முகாம் நடக்கும் எந்த வாரத்திலும் ஒரு பாத்தி பறிக்கத் தயாராக இருக்கும். "நீ இன்று பறிப்பது யாரோ உனக்காக விதைத்தது, நீ இன்று விதைப்பதை வேறு ஒரு பிள்ளை பறிக்கும்" என்று சொன்னால் அதற்குச் சட்டென்று புரிந்துவிடும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்றங்கால் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதல் முகாமில் இவற்றை விட்டுவிடலாம்.

5. என்ன விதைக்கலாம்

இந்த வெயிலைத் தாங்குபவை சிறுகீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு. பந்தலில் ஏற்ற ஒரு சுரை அல்லது புடலை வைக்கலாம். முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி கேட்டு நகரத்துப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். இந்தச் சூட்டுக்கு அவை சரிவராது என்று விளக்கிச் சொல்லிவிடுங்கள். பருவத்துக்கு ஏற்ற பயிர் என்பது அப்படித்தான் மனத்தில் பதியும்.

பயறு வகைகளில் வம்பன் பெயர் தாங்கிய உளுந்து ரகங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தவை. செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் உண்டு. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். யாராவது ஒரு காலை வந்து பிள்ளைகளோடு பேசினால் பெரிய பலம்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாம் ஒரே மூலையில் விழும். தூவிய பிறகு பூவாளியால் மட்டுமே தண்ணீர். வெண்டை விதையை முதல் நாள் இரவு ஊறவைத்து, விரலின் முதல் கணு ஆழத்தில் ஒன்றரை சாண் இடைவெளியில் ஊன்றலாம். நாலைந்து நாளில் முளைத்துவிடும். எறும்பு விதையை இழுத்துப் போகாமல் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள்.

ஒரு வாரம் மட்டுமே தங்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தட்டில் தேங்காய் நார்க்கழிவு பரப்பி, வெந்தயமும் பச்சைப்பயறும் விதைத்து, வீட்டுக்குள் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். ஏழு முதல் பத்து நாளில் கத்தரித்துச் சாப்பிடலாம். விதைப்பதிலிருந்து தட்டில் பரிமாறுவது வரை முழுச் சுற்றும் அவர்கள் கண்முன் முடிந்துவிடும்.

6. யார் யார்

ஏழு வயது முதல் பதினான்கு வரை. 20 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். பாதி இடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்பதில் நான் உறுதியாக இருப்பேன். நகரத்துப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் சேர்த்து இருவருக்கு இரண்டு பாத்தி என்று சோடி போடுங்கள். மண்வெட்டி பிடிப்பது, ஆட்டை விரட்டுவது, வாளி இறைப்பது எல்லாம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அது நிற்கட்டும். கட்டணம் வாங்குவதாக இருந்தால் ஊர்ப் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள்; அது யாருக்கும் தெரியவும் வேண்டாம்.

ஆசிரியர்களை வெளியே தேட வேண்டியதில்லை. வயல் வேலை செய்த ஆச்சிகளும் ஐயாக்களும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். "வகுப்பு எடுங்கள்" என்று கூப்பிட்டால் வெட்கப்பட்டு மறுப்பார்கள். "ஆச்சி, இந்தப் பாத்தி சரியா இருக்கான்னு வந்து பாருங்க" என்று கூப்பிடுங்கள். வந்து நின்றால் போதும், அப்புறம் அவர்கள் கை சும்மா இருக்காது. அவர்களுக்கு நிழலில் நாற்காலியும் அன்றைய வேலைக்குரிய மதிப்பூதியமும் கட்டாயம் கொடுங்கள்.

7. ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும்

காலை 6 மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் விடுதல், களை எடுத்தல், விதைத்தல் எல்லாம் 8.30க்குள் முடிந்துவிட வேண்டும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். 9 மணிக்கு மேல் ஒரு பிள்ளைகூட வெயிலில் நிற்கக் கூடாது. நீராகாரமோ கேப்பைக் கூழோ குடித்துவிட்டுப் வீட்டுக்குள் இருக்கும் பட்டாலையின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து குறிப்பேடு எழுதுவது, செடி வரைவது, விதை பிரிப்பது. மதியம் வீடு. மாலை 5 மணிக்கு மறுபடி வந்து ஒரு மணி நேரம்.

மோர், பானகம், எலுமிச்சைச் சாறு எப்போதும் தயாராக இருக்கட்டும். நுங்குக் காலம் வேறு. தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு, உடம்பு கொதித்தல் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து, மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். 108 எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கிணற்றுக்குக் கம்பி மூடி போடாமல் முகாமைத் தொடங்காதீர்கள். ஊரணிக்குப் பெரியவர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. பழைய வீடுகளின் விறகுக் குவியல், ஓட்டுக் குவியலில் தேள், பூரான், பாம்பு இருக்கும். மூடிய காலணி கட்டாயம். குவியலில் கை விட வேண்டாம் என்று தினமும் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் செய்யாமல், அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு. பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம், ஒவ்வாமை விவரம், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

8. சொல்லிக்கொடுக்க வேண்டியவை

பாடம் நடத்தாதீர்கள், அளக்கச் சொல்லுங்கள்.

முதல் காலை ஒவ்வொரு பிள்ளையும் தன் பாத்திக்கான தண்ணீரைத் தானே கிணற்றடியிலிருந்து சிறிய குடத்தில் சுமக்கட்டும். எத்தனை லிட்டர் என்று குறிப்பேட்டில் எழுதட்டும். அடுத்து, அடியில் துளையிட்ட மூன்று சிரட்டைகளில் செம்மண், வண்டல், எரு கலந்த மண் மூன்றையும் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு வடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாத்திக்கு எதற்காக இத்தனை கூடை கலந்தோம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மூடாக்கு போட்ட பாத்தி ஒன்று, போடாத பாத்தி ஒன்று. மாலையில் இரண்டிலும் விரலைச் செருகி ஈரம் பார்க்கட்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது முற்றத்துக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் ஒரு பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில். 100 சதுர மீட்டர் கூரையில் 90,000 லிட்டர் விழுகிறது. பத்தில் எட்டுப் பங்குதான் பிடிக்க முடியும் என்றாலும் 72,000 லிட்டர். நம் தோட்டத்துக்கு நாளுக்கு 150 லிட்டர் என்றால் 480 நாளுக்கு வரும். பிள்ளைகள் முற்றத்தில் நின்றபடி, நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே இந்தக் கணக்கைப் போட வேண்டும். கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த கதையை ஆயாக்கள் சொல்லட்டும். மறுநாள் காலை தெருவில் தண்ணீர் ஓடும் சரிவைப் பின்தொடர்ந்து ஊரணி வரை நடங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே குப்பை கொட்டியிருக்கிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தை ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் பிள்ளைகள் கையாலேயே கொடுக்கலாம்.

உரத்துக்கு, இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் பரப்பிய அமிர்தக்கரைசல் ஒன்று போதும். 10 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ புதுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம். கலக்கி ஒரு நாள் வைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, மண்ணில் ஊற்ற வேண்டும். பறிக்கப் போகும் கீரையின் மேல் படக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் அங்கிருந்து நகரக் கூடாது. சாணத்தைத் தொட மறுக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். குச்சியால் கலக்கட்டும். இரண்டு நாள் போனால் அதுவே கை வைக்கும்.

9. பூச்சி, மயில், ஆடு

கோடையில் வெண்டையில் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் தெரிந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும், மருந்து கிடையாது. தன் செடியைப் பிடுங்கப் பிள்ளை அழலாம். அவசரப்படுத்தாமல், பக்கத்துச் செடிகளுக்குப் பரவும் விதத்தைக் காட்டி, அதன் கையாலேயே எடுக்க விடுங்கள். மற்றவற்றுக்கு 10 லிட்டர் தண்ணீரில் 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

பெரிய எதிரி மயில். முளைவிட்ட பாத்தியை ஒரே காலையில் கொத்தித் தின்றுவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் விரட்டலாமே தவிரத் துன்புறுத்தக் கூடாது. பழைய சேலைகளைப் பாத்திக்கு மேல் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள், நிழலும் ஆச்சு. ஆட்டுக்கு வேலி ஒன்றுதான் வழி.

10. பறிப்பும் சமையலும்

வாரம் ஒரு நாள் பறித்ததை அங்கேயே சமைக்க வேண்டும். கீரை மசியல், கொத்தவரை பருப்பு உசிலி, வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரில் செய்யும் மண்டியை நகரத்துப் பிள்ளைகள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். கீரையே தொடாத பிள்ளையும் தான் பறித்ததை ஒரு வாய் தின்று பார்க்கும். அதற்கு மேல் கட்டாயப்படுத்தாதீர்கள். சமையலில் ஆண் பிள்ளைகளும் கீரை ஆய வேண்டும்.

11. முகாம் முடிந்த பிறகு

பிள்ளைகள் ரயில் ஏறிய மறுநாள் தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுவது? இதற்கு முதல் நாளே பதில் இருக்க வேண்டும். ஊர்ச் சோடிப் பிள்ளை இரண்டு பாத்தியையும் எடுத்துக்கொள்ளும். விளைச்சலும் அதன் வீட்டுக்குத்தான். மிஞ்சினால் அங்கன்வாடிக்குக் கொடுக்கலாம். இரண்டு வெண்டைச் செடிகளைப் பறிக்காமல் முற்ற விட்டு, காய் காய்ந்து வெடிக்கும் முன் விதை எடுத்து, சாம்பல் கலந்து வைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஓலைக் கொட்டானில் கீரை, வெண்டை, கொத்தவரை விதையும், அவர்கள் எழுதிய குறிப்பேடும் கொடுத்து அனுப்புங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று போனதும் முதல் வேலையாக அளக்கச் சொல்லுங்கள். நாலு மணி நேரம் விழுந்தால் கீரை வரும், ஆறு மணி நேரம் என்றால் வெண்டையும் வரும். பையில் செம்மண், நார்க்கழிவு, மக்கிய எரு சம பங்கு. ஆடி முதல் வாரம், அதாவது ஜூலை நடுவில், ஊரிலும் நகரத்திலும் ஒரே நாளில் விதைப்பது என்று தேதி குறித்துவிடுங்கள். முளைத்ததும் இரு சோடிகளும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொள்ளட்டும். அந்தத் தேதியை நினைவூட்டப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும், அதையும் முகாமின் கடைசி நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்.